முடியாத கேமுக்கு முன்பணம்: தம்பி 8,000 ரூபாய் போடட்டுமா?

அம்மாபேட்டை_அருண் (ஞாயிறு, இரவு 9:40)

சேலம் கேமர்கள் எல்லோருக்கும் வணக்கம். ஒரு யோசனை வேண்டும்.

என் தம்பி காலேஜ் இரண்டாம் வருஷம். கிக்ஸ்டார்ட்டரில் (இனிமேல் செய்யப்போகும் பொருளுக்கு மக்களிடம் முன்கூட்டியே காசு திரட்டும் இணையதளம்) ஒரு ஓப்பன் வேர்ல்டு கேமை, அதாவது பெரிய உலகத்தில் இஷ்டம்போல் சுற்றி ஆடும் கேமைப் பார்த்துவிட்டு ஒரு வாரமாக வீட்டில் அதே பேச்சு. ட்ரெய்லர் நிஜமாகவே அருமையாக இருக்கிறது. கடல், மலை, மழைக்காலத்தில் நிறம் மாறும் காடு, ஊருக்குள் தன்பாட்டுக்கு வேலை பார்க்கும் ஜனங்கள். ஆறு பேர் கொண்ட குழு, பதினெட்டு மாதத்தில் தருகிறோம் என்கிறார்கள். இவன் கேட்பது நம் காசுக்குக் கிட்டத்தட்ட 8,000 ரூபாய் வரும் பேக்கேஜ். கேம், ஆர்ட் புக், அப்புறம் கேமுக்குள் இவன் பெயரில் ஒரு கடை. பார்ட் டைம் வேலை பார்த்துச் சேர்த்த காசு. ஐந்து ரோடு பக்கம் கேமிங் சென்டரில் இவனோடு விளையாடும் பசங்களும் ஆளுக்குக் கொஞ்சம் போடப்போகிறார்களாம்.

இது கேம் வாங்குவதா, நன்கொடையா, முதலீடா? கேம் வராமல் போனால் காசு திரும்ப வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்பாவிடம் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை_ரவி (ஞாயிறு, இரவு 9:58)

வேண்டாம் தம்பி. 2012-இல் பெருந்துறை ஈமு கோழி விவகாரம் வெடித்தபோது எங்கள் பட்டறைத் தெருவிலேயே காசு போட்டவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்ததைப் பார்த்தவன் நான். கண்ணில் காட்டாத பொருளுக்குக் காசு கொடுக்காதே. கொலுசுக்கு முன்பணம் வாங்கினால்கூட நாங்கள் எடை, டச்சு (வெள்ளியின் தூய்மை) எல்லாம் எழுதி ரசீது கொடுக்கிறோம். இவர்கள் என்ன கொடுக்கிறார்கள்?

ஏற்காடு_மலைவாசி (ஞாயிறு, இரவு 10:35)

ரவி அண்ணா, உங்கள் கோபம் நியாயம். ஆனால் ஈமுவையும் இதையும் ஒரே மூட்டையில் கட்ட முடியாது. ஈமுவில் பராமரிப்புக்கு மாதம் இவ்வளவு, போனஸ் இவ்வளவு என்று வருமானத்தைச் சொல்லித்தான் காசு வாங்கினார்கள். இங்கே யாரும் வருமானம் தருவதாகச் சொல்வதில்லை. கேம் கோடிக் கணக்கில் விற்றாலும் அருணின் தம்பிக்கு ஒரு பைசா வராது. அதனால் இது முதலீடு இல்லை. கடையும் இல்லை, கிக்ஸ்டார்ட்டரே 2012-இல் "நாங்கள் கடை அல்ல" என்று அறிவித்துவிட்டது. லாபத்தில் பங்கு கிடையாது, நஷ்டத்தில் மட்டும் உண்டு. இதைத்தான் உங்கள் தம்பி முதலில் புரிந்துகொள்ள வேண்டும் அருண்.

நடைமுறையைச் சொல்கிறேன். கிக்ஸ்டார்ட்டரில் குழு ஒரு இலக்குத் தொகை வைக்கும். குறித்த நாளுக்குள் அது சேரவில்லை என்றால் யார் கார்டிலும் பணம் எடுக்க மாட்டார்கள். சேர்ந்துவிட்டால் முழுவதும் குழுவிடம் போய்விடும். அதன் பிறகு அந்தப் பணம் எப்படிச் செலவாகிறது என்று கிக்ஸ்டார்ட்டர் பின்னால் போய்ப் பார்ப்பதில்லை. பக்கத்தில் போட்டிருக்கும் டெலிவரி தேதியும் ஒரு மதிப்பீடுதான். வேறு சில தளங்களில் இலக்கு சேராவிட்டாலும் வந்த பணத்தைக் குழு எடுத்துக்கொள்ளும் திட்டம் உண்டு. அது இன்னும் மோசம். பத்து ரூபாய் தேவைப்படும் வேலையை மூன்று ரூபாயோடு ஆரம்பிப்பார்கள்.

இப்போது கேம்கள். 2012 பிப்ரவரியில் டபுள் ஃபைன் ஸ்டூடியோ 4 லட்சம் டாலர் கேட்டது. 87,000-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து 33 லட்சம் டாலருக்கு மேல் கொட்டிவிட்டார்கள். கேட்டதைவிட எட்டு மடங்கு. என்ன ஆனது தெரியுமா? பணம் கூடக்கூடக் கேமையும் பெரிதாக்கினார்கள், கடைசியில் அந்த எட்டு மடங்கும் போதவில்லை. 'புரோக்கன் ஏஜ்' என்ற அந்தக் கேம் 2014 ஜனவரியில் பாதி, 2015 ஏப்ரலில் மீதி என்று இரண்டாக வந்தது. முதல் பாதியை விற்றுத்தான் மறுபாதியை முடித்தார்கள். நல்ல அனுபவம் உள்ள, நேர்மையான ஸ்டூடியோவுக்கே இந்த நிலைமை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு ஊரில் ஒரு சின்னக் குழு 2014-இல் வெறும் 57,000 ஆஸ்திரேலிய டாலர் திரட்டியது. 2017-இல் வந்த அந்தக் கேம்தான் 'ஹாலோ நைட்'. அன்று முகம் தெரியாத இரண்டாயிரம் சொச்சம் பேர் நம்பிக் காசு போடாமல் இருந்திருந்தால் அது எந்த உருவத்தில் வந்திருக்குமோ. அதனால் "போடவே கூடாது" என்று நான் சொல்ல மாட்டேன்.

மழை பிடித்துவிட்டது, மலையில் நெட் எப்போது போகும் என்று தெரியாது. மீதி நாளைக்கு.

சூரமங்கலம்_ஷாகுல் (ஞாயிறு, இரவு 11:20)

அருண் ப்ரோ, நான் சில வருஷம் முன்பு ஒரு சர்வைவல் கேமுக்குப் போட்டேன். பெயர் வேண்டாம். கேம் இன்று வரை வரவில்லை. எப்படி வராமல் போகும் என்று உங்கள் தம்பிக்குத் தெரிய வேண்டும்.

திடீரென்று ஒருநாள் ஓடிப்போக மாட்டார்கள். முதலில் வாரம் ஒரு அப்டேட் வந்தது. ஒரு மிருகத்தின் கால்தடம் ஈரமண்ணில் பதிந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் நிரம்பும், அதற்கே தனியாக ஒரு வீடியோ. அதைப் பார்த்துவிட்டு நானே நாலு பேருக்கு அனுப்பினேன். பிறகு மாதம் ஒன்று. பிறகு "இந்த எஞ்சின் (கேமை இயக்கும் அடிப்படை மென்பொருள்) ஒத்துவரவில்லை, புது எஞ்சினுக்கு மாறுகிறோம், அதனால் இன்னும் நன்றாக வரும்" என்று ஒரு நீளமான கடிதம். அதற்கு அப்புறம் ஆறேழு மாதம் சத்தமே இல்லை. அடுத்து வந்தது டி-ஷர்ட் சைஸ் கேட்டு ஒரு படிவம். எக்ஸ்எல் என்று நிரப்பி அனுப்பினேன். டி-ஷர்ட்டும் வரவில்லை. கமெண்ட் பகுதியில் ஒரு ஜெர்மன்காரர் மட்டும் மாதம் தவறாமல் "ஏதாவது செய்தி உண்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது அவரும் நிறுத்திவிட்டார்.

காசு போனதைவிட, அந்தக் குழு ஒரு வரி "எங்களால் முடியவில்லை" என்று எழுதவில்லையே என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

விண்வெளி_விக்கி (திங்கள், காலை 8:05)

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள். நான் ஸ்டார் சிட்டிசன் என்ற விண்வெளி கேம் ஆடுகிறேன். 2012-இல் மக்கள் காசில் ஆரம்பித்தது, இன்று வரை சேர்ந்தது 70 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. முடியவில்லைதான். ஆனால் கப்பலை எடுத்து ஒரு கிரகத்தில் இறங்கி, லோடிங் திரையே இல்லாமல் நடந்து போகும் அனுபவத்தை வேறு எந்தக் கேமும் எனக்குத் தரவில்லை. முடிந்தால்தான் கேமா?

கண்மணி_டெவ் (திங்கள், மதியம் 1:30)

விக்கி, நீங்கள் ரசித்து ஆடுவதை யாரும் குறை சொல்ல முடியாது. உங்கள் கையில் இன்று ஆடக்கூடிய ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள். ஆனால் 2012-இல் போட்டவர்களுக்குச் சொன்ன தேதி 2014. அன்று மாணவனாக இருந்து போட்டவர் இன்று பிள்ளையைப் பள்ளியில் சேர்த்திருப்பார். அருணின் தம்பி எந்த மனநிலையில் போடுகிறார் என்று அவரிடமே கேட்க வேண்டும். பதினெட்டு மாதத்தில் கேம் வேண்டும் என்றால் இது அதற்கான வழி இல்லை.

நான் ஃபேர்லேண்ட்ஸில் வீட்டிலிருந்தே ஒரு வெளிநாட்டு ஸ்டூடியோவுக்கு வேலை செய்கிறேன், லெவல் டிசைன். உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். ரவி அண்ணா நினைப்பதுபோல் இதில் பெரும்பாலும் திருடர்கள் இல்லை. கேமை உயிராக நேசிக்கும், கணக்குப் போடத் தெரியாத நல்லவர்கள்தான் அதிகம். அதனால் "இவர்கள் நல்லவர்களா" என்று விசாரிப்பதில் பயனே இல்லை. பட்ஜெட்டைப் பாருங்கள்.

அருண், நீங்கள் சொன்ன குழுவையே எடுத்துக்கொள்வோம். ஆறு பேர், பதினெட்டு மாதம். சேலத்துச் சம்பளமாக ஆளுக்கு மாதம் 60,000 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 3.6 லட்சம், மொத்தம் 64.8 லட்சம். இது சம்பளம் மட்டும். கிக்ஸ்டார்ட்டர் 5 சதவீதம் எடுத்துக்கொள்ளும், பணம் வசூலிக்கும் செலவு இன்னொரு 3 முதல் 5 சதவீதம். இசை, குரல், டெஸ்டிங், மொழிபெயர்ப்பு, வரி எல்லாம் தனி. ஆர்ட் புக் அச்சடித்து உலகம் முழுக்கத் தபாலில் அனுப்பும் செலவு இன்னும் தனி, அது பல குழுக்களின் கழுத்தை நெரித்திருக்கிறது. அவர்கள் இருப்பது ஐரோப்பா அல்லது அமெரிக்கா என்றால் சம்பளத்தைப் பல மடங்காக்குங்கள். இப்போது அவர்கள் வைத்திருக்கும் இலக்குத் தொகையைப் பாருங்கள். அது இந்தக் கணக்கில் கால்வாசிகூட இல்லை என்றால் இரண்டில் ஒன்றுதான். மீதிப் பணம் வேறு எங்கிருந்தோ வருகிறது, அல்லது வரும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். எது என்று பக்கத்தில் எழுதியிருக்கிறதா?

பணம் கிடைத்த பிறகும் என்ன நடக்கும் என்பதற்கு 'யோக்வென்சர்ஸ்' போதும். 2012-இல் 2.5 லட்சம் டாலர் கேட்டு 5.6 லட்சத்துக்கு மேல் வாங்கினார்கள். பிரபலமான யூடியூப் குழுவின் பெயர் இருந்ததால் ரசிகர்கள் யோசிக்கவே இல்லை. கேமைச் செய்தவர்களோ புதியவர்கள். ஓவியர் ஒருவருக்கு முன்கூட்டியே 35,000 டாலர் கொடுத்தார்கள், அவர் இரண்டு வாரத்தில் ஒரு பெரிய ஸ்டூடியோவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பணத்தைத் திரும்பப் பெற ஒப்பந்தத்தில் வழியே இல்லை. 2014 ஜூலையில் கேம் ரத்து. போட்டவர்களுக்கு வேறு ஒரு கேமின் கீ கொடுத்தார்கள், அவர்கள் கேட்காத கேம்.

பெயர் பெற்றவர்களும் விதிவிலக்கு இல்லை. நாவலாசிரியர் நீல் ஸ்டீபன்சன் வாள்சண்டைக் கேம் ஒன்றுக்கு 2012-இல் 5 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார், பெயர் 'க்ளாங்'. மாதிரி ஒன்று செய்தார்கள், அது ஆட ரசிக்கும்படி வரவில்லை, மேற்கொண்டு முதலீடு கிடைக்கவில்லை, 2014 செப்டம்பரில் மூடினார்கள். இவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு முடித்தார். அந்த மரியாதையாவது ஷாகுலுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

ட்ரெய்லரை நம்பாதீர்கள். காடு நிறம் மாறும் காட்சியைக் கேமே இல்லாமல் தனியாகச் செய்துவிடலாம், திறமையான இரண்டு பேர் போதும். ஒருவர் கையில் கண்ட்ரோலரோடு பத்து நிமிஷம் வெட்டாமல் ஆடிக்காட்டும் வீடியோ இருக்கிறதா? கதவு திறக்கிறதா, சேவ் ஆகிறதா, எதிரி சுவரில் முட்டி நிற்கிறானா? அந்த அசிங்கமான பத்து நிமிஷம் பளபளப்பான ட்ரெய்லரைவிட நூறு மடங்கு நம்பகமானது.

செவ்வாய்ப்பேட்டை_ரவி (திங்கள், மதியம் 2:10)

கண்மணி, கணக்குப் போட்டுச் சொன்னது புரிந்தது அம்மா. அப்படியென்றால் நம்ம ஊர்ப் பிள்ளைகள் கேம் செய்ய நினைத்தால் அவர்களுக்கு என்ன வழி?

கண்மணி_டெவ் (திங்கள், மாலை 6:45)

நல்ல கேள்வி அண்ணா. கிக்ஸ்டார்ட்டரில் நேரடியாகப் பணம் திரட்ட அனுமதி உள்ள நாடுகளில் இந்தியா இல்லை. வெளிநாட்டில் பதிவு செய்த ஆள் ஒருவர் வேண்டும். புனேவைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் குழு 'ராஜி' கேமுக்காக 2017-இல் அங்கே முயன்றது, இலக்கு சேரவில்லை. போட்டவர்கள் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் குழு விடவில்லை. வேறு வழிகளில் பணம் தேடி 2020-இல் கேமை வெளியிட்டே விட்டார்கள். அந்தக் கேமின் டெமோவை, அதாவது மாதிரியை, அப்போதே ஆடிப்பார்க்க முடிந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். ஏற்கெனவே பாதிக் கிணறு தாண்டியவர்கள் எப்படியாவது முடிக்கிறார்கள்.

அஸ்தம்பட்டி_வக்கீல் (திங்கள், இரவு 9:15)

"காசு திரும்ப வருமா" என்ற கேள்விக்கு இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. பெரும்பாலும் வராது.

கிக்ஸ்டார்ட்டர் விதிப்படி முடிக்க முடியாத குழு பணம் எப்படிச் செலவானது என்று விளக்க வேண்டும், மிச்சம் இருந்தால் திருப்பித் தர வேண்டும். மிச்சம் இருந்தால் என்ற இடத்தில்தான் எல்லாம் நிற்கிறது. தோற்ற குழுவிடம் மிச்சம் இருக்காது.

அமெரிக்காவிலேயே வழக்குகள் எப்படி முடிந்தன பாருங்கள். ஒரு போர்டு கேமுக்கு 1,246 பேரிடம் 1.22 லட்சம் டாலர் வாங்கியவர் அதை வீட்டு வாடகை உட்படச் சொந்தச் செலவுக்குப் பயன்படுத்தினார். 2015-இல் அந்நாட்டு மத்திய வணிக ஆணையம் இப்படி மக்களிடம் கூட்டாக நிதி திரட்டுவது தொடர்பாக எடுத்த முதல் நடவடிக்கை இதுதான். 1.11 லட்சம் டாலருக்கு மேல் கட்ட உத்தரவு ஆனது. அவரிடம் பணம் இல்லை என்று அந்த உத்தரவையே நிறுத்திவைத்துவிட்டார்கள். அதே வருஷம் வாஷிங்டன் மாநிலத்தில் சீட்டுக்கட்டு ஒன்றுக்குப் பணம் திரட்டித் தராதவர்மேல் தீர்ப்பு வந்தது. காசு போட்டவர்கள் 810 பேர். நஷ்டஈடு கிடைத்தது அந்த மாநிலத்தில் குடியிருந்த 31 பேருக்கு, எல்லோருக்கும் சேர்த்து 668 டாலர்.

நம் பக்கம் வருவோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், அதனால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம். ஆனால் நீங்கள் "நுகர்வோர்" தானா என்பதிலேயே எதிர்த்தரப்பு வாதாடும். ஜெயித்தாலும் இந்தியாவில் அலுவலகமே இல்லாத குழுவிடம் எதை வசூலிப்பது? 8,000 ரூபாய்க்கு அது வேலைக்கு ஆகாது. பேங்கில் கார்டு டிஸ்ப்யூட் (கார்டில் போன பணத்தைத் திரும்பக் கேட்கும் புகார்) போடுவதற்கும் காலக்கெடு உண்டு, இரண்டு மூன்று வருஷம் இழுத்தடித்த பிறகு போனால் எடுக்க மாட்டார்கள்.

போட்டுத்தான் ஆவேன் என்றால் ஒன்று செய்யச் சொல்லுங்கள். இன்றைய பக்கத்தை முழுதாகப் பிடிஎஃப் ஆகச் சேமிக்கட்டும். தேதி, வாக்குறுதி எல்லாம் பின்னால் திருத்தப்படலாம். அப்புறம் நண்பர்கள் காசைத் தன் கார்டில் வாங்கிப் போடவே கூடாது. கேம் வராதபோது அந்தப் பசங்களுக்கு அவன்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

ஏற்காடு_மலைவாசி (திங்கள், இரவு 10:20)

வக்கீல் சார் சொன்ன கடைசி விஷயம் ரொம்ப முக்கியம். நட்பு முறியும் இடம் அது.

விலையைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். அங்கே கொடுப்பது டாலர். பல கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு 3.5 சதவீதம் வரை கட்டணம், அதன் மேல் ஜிஎஸ்டி. அதே கேம் பின்னால் ஸ்டீமில் (கேம் விற்கும் இணையக் கடை) வரும்போது நம் ஊருக்கு ரூபாயில் விலை போடுவார்கள், பல கேம்களுக்கு அது டாலர் விலையைவிடக் குறைவு. யுபிஐயிலேயே வாங்கலாம். பிடிக்கவில்லை என்றால் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காசு திரும்ப வரும். எர்லி ஆக்சஸ் கேமுக்கும், அதாவது முடியும் முன்பே விற்பனைக்கு வரும் கேமுக்கும், அதே விதிதான். ஆனால் அங்கேயும் பாதியில் கைவிடப்பட்ட கேம்கள் ஏராளம், அதனால் இன்று இருக்கும் நிலையிலேயே அந்த விலைக்குத் தகுமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

எல்லாமே தோற்கிறது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஈதன் மாலிக் 2015-இல் கிக்ஸ்டார்ட்டரில் காசு போட்ட 47,000 பேரிடம் கேட்டு எடுத்த கணக்கில், சொன்னதைத் தராமல் போனவை சுமார் 9 சதவீதம். அது எல்லா வகைத் திட்டங்களும் சேர்ந்த கணக்கு. ஆனால் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஆடும் ஆன்லைன் உலகம், எல்லையில்லாத வரைபடம் என்று கனவு பெரிதாகும்போது ஆபத்தும் பெரிதாகும். 'க்ரானிக்கிள்ஸ் ஆஃப் எலிரியா' என்ற ஆன்லைன் கேம் கிக்ஸ்டார்ட்டரில் மட்டும் 13 லட்சம் டாலருக்கு மேல் வாங்கியது, அதற்குப் பிறகு கேமுக்குள் நிலம், பட்டம் எல்லாம் விற்றது. ராஜாப் பட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். 2020 மார்ச்சில் பணம் தீர்ந்தது என்று ஊழியர்களை அனுப்பிவிட்டார்கள். உங்கள் தம்பிக்குக் கிடைக்கப்போகும் அந்தக் "கடை"யைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. இல்லாத ஊரில் கடை.

அம்மாபேட்டை_அருண் (செவ்வாய், இரவு 8:50)

எல்லோருக்கும் நன்றி. தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்து இந்த இழை முழுவதையும் படித்தோம். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், கண்மணி மேடம் போட்ட கணக்கு வந்ததும் அவனே கால்குலேட்டரை எடுத்தான். அவர்கள் கேட்டிருக்கும் தொகை சம்பளக் கணக்கில் நான்கு மாதத்துக்குக்கூட வரவில்லை.

கமெண்ட் பகுதியில் அவனையே கேட்கச் சொன்னேன்: மீதிப் பணம் எங்கிருந்து வரும், வெட்டாத வீடியோ உண்டா, இதற்கு முன் எந்தக் கேமை முடித்திருக்கிறீர்கள். பதில் வந்தது, மரியாதையாகவே எழுதியிருக்கிறார்கள். இந்தத் தொகையில் ஒரு மாதிரி செய்து அதை பப்ளிஷரிடம் (பணம் போட்டுக் கேமை வெளியிடும் நிறுவனம்) காட்டப் போகிறார்களாம். வீடியோ "விரைவில்". முடித்த கேம் என்று மொபைலில் ஒரு பஸில் கேமைச் சொன்னார்கள். இறக்கி ஆடினோம், சின்னதாக இருந்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது. அதனால் இன்னும் குழப்பத்தில் இருக்கிறான். குறைந்தபட்சத் தொகை மட்டும் போடட்டுமா என்கிறான்.

கண்மணி_டெவ் (செவ்வாய், இரவு 9:25)

பதில் சொன்னதே நல்ல அறிகுறி, அந்தக் குழு மீது எனக்கு மதிப்பு வருகிறது. ஆனால் பப்ளிஷரிடம் காட்டும் மாதிரிக்குத்தான் பணம் என்றால், பக்கத்தின் மேலே பதினெட்டு மாதத்தில் முழுக் கேம் என்று எப்படிப் போடலாம்? அதைத் திருத்தச் சொல்லிக் கேட்கட்டும். திரும்பி வராது என்று தெரிந்தே, ஊக்குவிக்க மட்டும் சின்னத் தொகை போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரு படம் பார்க்கும் செலவுக்கு மேல் வேண்டாம்.

சூரமங்கலம்_ஷாகுல் (புதன், காலை 7:40)

அருண் ப்ரோ, நீங்கள் கொடுத்த லிங்கை இப்போது திறந்து பார்த்தேன். நேற்று இரவு புதிதாக ஒரு ஸ்ட்ரெச் கோல் சேர்த்திருக்கிறார்கள்: இன்னும் 40,000 டாலர் வந்தால் ஆன்லைன் மல்டிபிளேயர், கன்சோல் பதிப்பு இரண்டும். டெலிவரி தேதி மட்டும் மாறவே இல்லை, அதே பதினெட்டு மாதம். ஸ்கிரீன்ஷாட் போட்டிருக்கிறேன்.

அம்மாபேட்டை_அருண் (புதன், காலை 8:15)

தம்பியிடம் காட்டினேன் ஷாகுல் ப்ரோ. "இருக்கிற ஆறு பேரில் மல்டிபிளேயரை யார் செய்வார்கள்?" என்று அவனே கேட்டான். காசு போடவில்லை. ஸ்டீமில் விஷ்லிஸ்டில் சேர்த்துவிட்டான், ஐந்து ரோடு பசங்களுக்கும் இந்த இழையை அனுப்பியிருக்கிறான். அவர்களில் இரண்டு பேர் ஏற்கெனவே போட்டுவிட்டார்களாம். வக்கீல் சார், கேம்பெயின் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, அதற்குள் அவர்கள் விலகிக்கொள்ள முடியுமா?

அஸ்தம்பட்டி_வக்கீல் (புதன், காலை 8:40)

முடியும். கேம்பெயின் முடியும் வரை கார்டில் பணம் எடுக்க மாட்டார்கள், அதுவரை அவர்கள் கணக்குக்குள் போய் ரத்து செய்யலாம். கடைசி 24 மணி நேரத்துக்கு விட்டுவைக்க வேண்டாம், இலக்கு அதனால் கீழே இறங்கும் என்றால் அப்போது ரத்து செய்ய விடாது. இன்றைக்கே செய்யச் சொல்லுங்கள்.